மூணு ராத்திரி, மூணு டிவிடி

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க அக்கா பொண்ணு மஞ்ச நீராட்டு விழாவ ஹேண்டிகேம்ல நானேதான் எடுத்தேன், மொத்தம் 2 மணி 10 நிமிஷம் வருது. லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம். எடிட் பண்றப்பவே படம் நின்னு நின்னு ஓடுது, அத எப்பிடியோ முடிச்சி டிவிடி போட்டா ஒரு டிவிடிக்கு ஒரு ராத்திரி ஆவுது. சொந்தக்காரங்களுக்கு 15 காப்பி வேணும், மூணு நாள்ல மூணுதான் ஆச்சு. புது லேப்டாப்தான் வாங்கணுமா?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: வாங்காத தம்பி, காச வெச்சிக்கோ. மூணு ராத்திரி மூணு டிவிடின்னு படிச்சதுமே எனக்கு புரிஞ்சி போச்சு, ஒவ்வொரு காப்பிக்கும் எடிட்டிங் சாஃப்ட்வேர தொறந்து மொதல்லேந்து 'டிவிடி உருவாக்கு' பட்டன அமுக்கிட்டு படுத்துடற, கரெக்டா?

அந்த ஒரு பட்டனுக்குள்ள ரெண்டு வேல இருக்கு. ஒண்ணு, உன் வீடியோவ டிவிடிக்கு ஏத்த மாதிரி மாத்தறது. ரெண்டாவது, மாத்தனத தட்டுல எழுதறது. கேமரா படத்த எச்.264-ன்ற முறையில 1920க்கு 1080 அளவுல வெச்சிருக்கும், ஆனா டிவிடிக்கு வேண்டியது எம்பெக்-2ன்ற முறை, அதுவும் நம்ம ஊரு டிவி முறையான பால்-ல (PAL) 720க்கு 576 அளவு, செகண்டுக்கு 25 படம். உன் 2 மணி 10 நிமிஷத்துக்கு கணக்கு போட்டு பாரு, 1,95,000 படம் வருது, ஒவ்வொண்ணையும் பிரிச்சி, சின்னதாக்கி, திரும்ப மடிச்சி வெக்கணும். ராத்திரி பூரா உன் லேப்டாப் முக்கறது இதுக்குத்தான். தட்டுல எழுதறது அதுல ஒரு மூலைக்கு வராது, லேப்டாப் ட்ரைவுல 8எக்ஸ் வேகத்துல ஒரு முழு தட்டுக்கு பத்து நிமிஷம் போல, அவ்ளோதான். கல்யாண பத்திரிகை அடிக்கறவன் ஒரு தடவ பிளேட் போட்டுட்டு ஆயிரம் காப்பி தள்ளுவான், நீ ஒவ்வொரு பத்திரிகைக்கும் புதுசா பிளேட் போட்டுனு இருக்க.

அதனால இன்னிக்கி ராத்திரி டிவிடில எழுத சொல்லாத. ஐஎஸ்ஓ ஃபைலா, அதாவது முழு தட்டோட நகல் ஒரே ஃபைலா, ஹார்ட் டிஸ்க்லயே சேவ் பண்ண சொல்லு, டிவிடி போடற சாஃப்ட்வேர் முக்காவாசில அந்த ஆப்ஷன் இருக்கும். விண்டோஸ் 7-லேந்து அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணாலே எழுதற வசதி கூடவே வருது. மீதி 12 காப்பியும் தட்ட மாத்தி மாத்தி போட்டா, சாயங்காலம் டீ குடிச்சிட்டு ஆரம்பிச்சி ராத்திரி சாப்பாட்டுக்குள்ள எழுந்துக்கலாம். இன்னும் சுலபமா, நீ ஏற்கனவே போட்ட மூணுல ஒண்ண எடுத்து அதையே ஐஎஸ்ஓவா மாத்திக்கோ, ராத்திரி முழிப்பே கெடையாது. இதுக்கு இம்ஜ்பர்ன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, பழசு, ஆனா ஒழுங்கா வேல செய்யும்.

அடுத்த விசேஷத்துக்கு இதயும் கேட்டுக்கோ. நெறைய பேரு எடிட்டிங்க முடிச்சி மொதல்ல எம்பி4-ஆ எக்ஸ்போர்ட் பண்ணி, அத கொண்டு போயி டிவிடி சாஃப்ட்வேர்ல போட்டு திரும்ப மாத்துவாங்க, டைமும் டபுள், படமும் ரெண்டு வாட்டி கெடும். எடிட்டர்லயே எம்பெக்-2, பால் டிவிடி அளவுன்னு நேரா எக்ஸ்போர்ட் பண்ணு, அப்புறம் டிவிடி ஸ்டைலர்னு டிவிடி கட்டற சாஃப்ட்வேர்ல போடறப்போ வீடியோவ மாத்தாம 'காப்பி'ன்னு வெச்சிட்டா அது மெனு மட்டும் சேத்து கட்டி குடுத்துடும்.

பிட்ரேட்ட, அதாவது ஒரு செகண்ட் வீடியோவுக்கு எவ்ளோ டேட்டான்றத, நீயே கணக்கு போட்டு குடு. தட்டுல 4.7 ஜிபிதான் எடம். 2 மணி 10 நிமிஷம் அதுல அடங்கணும்னா வீடியோவுக்கு செகண்டுக்கு 4.3 மெகாபிட் வெக்கணும், நீ 8-ன்னு வெச்சிட்டா அது எட்டு ஜிபி பக்கம் போயி நிக்கும், அப்புறம் சாஃப்ட்வேர் அத திரும்ப நசுக்க ஆரம்பிக்கும், இன்னொரு ராத்திரி போச்சு. 'டூ பாஸ்'னு ஒண்ணு இருக்கு பாரு, அது வீடியோவ ரெண்டு வாட்டி முழுசா படிக்கும், நேரமும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இந்த மாதிரி எடம் பத்தாத நீள வீடியோவுக்கு அது தேவதான், ஒரு மணி நேர வீடியோவுக்கு வேணாம், 8 மெகாபிட் வெச்சி ஒரே பாஸ்ல போயிடலாம்.

அட, 2 மணி 10 நிமிஷம் யார்ப்பா பாக்கறது? தாய்மாமன் சீர் தட்டு ஒண்ணொண்ணா உள்ள வர்றத 40 நிமிஷம் போட்டிருப்ப, எனக்கு தெரியும், நானும் போட்டிருக்கேன். அத பத்து நிமிஷமாக்கி மொத்தத்த ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வா, படமும் பளிச்சுனு இருக்கும் வேலையும் பாதியாயிடும். யாரு தட்ட வெட்டனன்னு மட்டும் வெளிய சொல்லிக்காத. பூ கொட்ற எஃபெக்ட், கேமரா ஆட்டத்த நிறுத்தற எஃபெக்ட் இதெல்லாம் படத்துக்கு படம் கணக்கு போடற சமாச்சாரம், தேவையான எடத்துல மட்டும் வை.

எடிட்ல படம் நிக்கறது வேற கதை. ஹேண்டிகேம் எல்லா படத்தையும் முழுசா எழுதி வெக்காது, அங்கங்க ஒண்ண முழுசா எழுதிட்டு மீதிக்கு முன்ன பின்ன இருக்கற படத்துலேந்து என்ன மாறிச்சோ அத மட்டும் குறிச்சி வெக்கும், அதனால நீ நடுவுல ஒரு எடத்துல கிளிக் பண்ணா அது பின்னாடி போயி முழு படத்த தேடி அங்கேந்து கணக்கு போட்டுனே வரணும், பழைய ப்ராசஸர் அங்க மூச்சு வாங்கும். இதுக்கு வழி ப்ராக்ஸி. ஷாட்கட், கேடென்லைவ் ரெண்டும் ஃப்ரீ எடிட்டிங் சாஃப்ட்வேர், ரெண்டுலயும் ப்ராக்ஸின்னு ஆன் பண்ணா ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சின்ன சைஸ் நகல் செஞ்சி வெச்சிக்கும், நீ அத வெச்சி வெட்டுவ ஒட்டுவ, கடைசில எக்ஸ்போர்ட் மட்டும் ஒரிஜினல்லேந்து போவும். நகல் செய்ய கொஞ்ச நேரம் ஆவும், அப்போ சாப்ட்டுட்டு வா. இன்னொண்ணு, கேமரா மெமரி கார்ட சொருகி அதுலேந்தே எடிட் பண்றியா? அத செய்யாத, மொதல்ல லேப்டாப்புக்கு காப்பி பண்ணிக்கோ.

கேள்வி: சார், ராம் 16 ஜிபி ஆக்கிட்டா வீடியோ ரெண்டர் சட்டுனு முடிஞ்சிடும்னு கடையில சொல்றாங்க. உண்மையா?
- வியாசர்பாடி வாசகி

பதில்: காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்கம்மா. ரெண்டர், அதாவது எடிட் பண்ணத கணக்கு போட்டு ஒரே வீடியோவா எழுதற வேல, ஓடறப்போ டாஸ்க் மேனேஜர தொறங்க. மெமரி 90 சதவீதத்துக்கு மேல நின்னா ராம் போடறதுல அர்த்தம் இருக்கு, ஆனா 8 போதும். டிஸ்க் 100-ல நின்னுகிட்டு சிபியு (ப்ராசஸர்) சும்மா இருந்தா ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி போடுங்க, பழைய லேப்டாப்புக்கு அந்த செலவுதான் மொதல்ல செய்ய வேண்டியது. சிபியு 100-ல நின்னா ராம் எவ்ளோ போட்டாலும் ரெண்டர் வேகத்துல பெருசா ஒண்ணும் மாறாது.

சிபியு 100-ல நிக்குது, ஆனா அதுக்கு பக்கத்துல காட்ற கிகாஹெர்ட்ஸ் பாதியா கொறஞ்சி கெடக்குதுன்னா அது சூடு. ப்ராசஸர் வெந்துட கூடாதுன்னு தானே வேகத்த கொறச்சிக்கும். நான் ராயபுரம், ஒரு பக்கம் கடல் காத்து, இன்னொரு பக்கம் ஹார்பர் ட்ரைலர் கெளப்பற புழுதி, எனக்கு இது பழகின பேஜாரு. என் லேப்டாப்ப ஒரு தடவ தொறந்தப்போ ஃபேனுக்கும் சூட்ட வெளிய தள்ளற தகடுக்கும் நடுவுல கம்பளி மாதிரி தூசி ஒட்டி இருந்துச்சு, அத எடுத்து ப்ராசஸர் சூட்ட தகடுக்கு கடத்தற தெர்மல் பேஸ்ட்ட புதுசா தடவனதும் நாலு மணி நேரம் ஓடன ரெண்டர் ரெண்டரைக்கு வந்துச்சு, செலவு ஒரு பிரியாணி காசு. மெத்த மேல வெச்சி ரெண்டர் போடாதீங்க, காத்து போற ஓட்ட அடைஞ்சிக்கும். சார்ஜர் சொருகிதான் போடணும், பேட்டரில ஓடறப்போ நெறைய லேப்டாப் வேகத்த அடக்கிடும். பவர் ஆப்ஷன்ல ஹை பெர்ஃபாமன்ஸ் வெச்சிடுங்க.

கேள்வி: என் கிட்ட பழைய மினி டிவி (Mini DV) கேமரா டேப் 20 இருக்கு. ஒரு டேப்ப லேப்டாப்புல ஏத்த ஒரு மணி நேரம் ஆகிறது. வேகமாக ஏத்த முடியுமா?
- திருவொற்றியூர் வாசகர், ஓய்வு பெற்றவர்

பதில்: முடியாதுங்க ஐயா. அது டேப், ஓடற வேகத்துலதான் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும், அதுக்கு எடம் பாத்து வெச்சிக்கோங்க, ஏறி முடியற வரைக்கும் அந்த லேப்டாப்புல வேற எதயும் தொடாதீங்க, நடுவுல படம் விட்டு போவும். ஆனா உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. அந்த டேப்பு ஏற்கனவே 720க்கு 576, டிவிடி அளவேதான், சின்னதாக்கற வேல மிச்சம், புது கேமரா வீடியோவ விட இது சீக்கிரம் மாறும். ஃபீல்டு ஆர்டர்னு, அதாவது ஒரு படத்தோட ரெண்டு பாதி கோடுகள்ல எது மொதல்லன்னு, கேட்டா கீழ் ஃபீல்டு மொதல்லன்னு குடுங்க, மாத்தி குடுத்தா ஆள் கைய ஆட்டறப்பல்லாம் படம் உதறும்.

கேள்வி: ஃபோன்ல எடுத்த வீடியோ ஃபோன்ல நல்லா ஓடுது, டிவிடி போட்டா டிவில நடக்கறவங்க வெட்டி வெட்டி நடக்கறாங்க. ஏன்?
- பெரம்பூர், கல்லூரி மாணவி

பதில்: ஃபோன் செகண்டுக்கு 30 படம் எடுக்குது, பால் டிவிடில 25தான் எடம், அஞ்ச தூக்கி போட்டா வெட்டாம என்ன பண்ணும்? என்டிஎஸ்சின்னு இன்னொரு டிவி முறை இருக்கு, அதுக்கு மாத்தி போட்டு பாரும்மா, அது 29.97. இங்க விக்கற ப்ளேயர் பெரும்பாலும் ரெண்டையும் ஓட்டும். மொதல்ல ஒரு தட்டு போட்டு உங்க வீட்டு ப்ளேயர்ல ஓட்டி பாத்துட்டு அப்புறம் மீதிய போடு.

கேள்வி: தட்டு மேல 16எக்ஸ்னு போட்டிருக்கு, என் லேப்டாப் 8-க்கு மேல போக மாட்டேங்குது. ட்ரைவ் போச்சா?
- பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: ட்ரைவுக்கு ஒண்ணும் ஆகல, லேப்டாப்புல வர்ற ஒல்லி ட்ரைவுக்கு 8தான் உச்சம். பாட்டி வீட்டு பழைய ப்ளேயர்ல ஓடணும்னா நான் 4-லதான் எழுதுவேன், தட்டுக்கு அஞ்சாறு நிமிஷம் கூட ஆவும், ஆவட்டும். முடிஞ்சதும் எழுதனது சரியா இருக்கான்னு பாக்கற வெரிஃபை போடு. தட்டு மேல பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாத, வேகமா சுத்தறப்போ எடை ஒரு பக்கம் சாஞ்சி உள்ள ஆடும், ஸ்கெட்ச் பேனால பேர எழுதி குடு.