ஊருக்கென ஒரு நிரந்தரக் கட்டளை: வாசகர் கேள்வி – பதில்

வடசென்னையிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, உள்ளூரில் கொடுப்பது பற்றியும் கொடுத்ததைக் காப்பது பற்றியும் கேட்கின்றன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மாநகராட்சிப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். ஓய்வூதியப் பலன்களில் 5 லட்சம் ரூபாயை எங்கள் பகுதிப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்க விரும்புகிறேன். தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்கி நடத்த என்னால் முடியாது. வெளிநாடுகளில் ‘சமுதாய அறக்கட்டளை’ என்று ஒன்று இருப்பதாக என் மகன் சொல்கிறான். அது என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தண்டையார்பேட்டை

அம்மா, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலிலோ உங்கள் தெருக் கோயிலிலோ நிரந்தரக் கட்டளை எழுதி வைத்தவர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒரு தொகையைக் கோயில் பெயரில் வைப்பாகச் செலுத்திவிட்டால், அந்த முதல் அப்படியே இருக்க, ஆண்டுதோறும் வரும் வட்டியில் குறித்த நாளில் அர்ச்சனையோ அன்னதானமோ நடக்கும். இதே ஏற்பாட்டை ஓர் ஊரின் படிப்பு, மருத்துவம், முதியோர் நலம் ஆகியவற்றுக்காகப் பலரும் சேர்ந்து செய்து, அதை நடத்தும் பொறுப்பை அவ்வூரை நன்கறிந்த ஒரு குழுவிடம் ஒப்படைத்தால் அதுவே சமுதாய அறக்கட்டளை. ஒரு செல்வர் தம் பணத்தில் தொடங்கித் தம் குடும்பத்தார் கையில் வைத்திருக்கும் அறக்கட்டளைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே முதலும் பலருடையது, முடிவும் பலருடையது என்பதுதான்.

இந்த அமைப்பு முதன்முதலில் 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தோன்றியது. அங்கே வழக்கறிஞராக இருந்து வங்கித் தலைவரான ஃபிரடெரிக் காஃப், தம் வங்கியில் முடங்கிக் கிடந்த பழைய உயில் நிதிகளைப் பார்த்துக் கவலை கொண்டார். எழுதி வைத்தவர் என்றோ இறந்துபோனார். அவர் குறிப்பிட்ட தேவையும் ஊரில் மறைந்துவிட்டது. ஆனாலும் அவருடைய கை அந்தப் பணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே, பலருடைய கொடைகளை ஒன்றாகச் சேர்த்து, முதலை வங்கி காக்கவும், வருமானத்தை எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்மக்கள் குழு ஒன்று அந்தந்தக் காலத் தேவைக்கேற்ப முடிவு செய்யவும் அவர் வழி வகுத்தார். இந்தியாவில் மும்பையில் 1991-இல் இத்தகைய அறக்கட்டளை ஒன்று தொடங்கப்பட்டது.

எழுதி வைத்த நிதி முடங்கிப்போகும் இந்தச் சிக்கல் நம் ஊருக்கும் பழையதுதான். 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைக் கோயில் பணிகளுக்கும் தருமங்களுக்கும் எழுதி வைத்தார். அந்தச் சொத்து பல பத்தாண்டுகள் வழக்கில் சிக்கியிருந்து, நீதிமன்றத்தின் வழியாக ஒரு திட்டம் வகுக்கப்பட்ட பிறகே, கோயில் கட்டளைகள் போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பி, 1842-இல் இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் பள்ளியாக மலர்ந்தது. உயிலை எழுதியவர் நினைத்துப் பார்த்திராத அந்தப் பள்ளியால் எத்தனை தலைமுறைகள் படித்தன என்று எண்ணும்போது, நோக்கத்தைச் சற்று அகலமாக எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. வரிவிலக்குப் பதிவு பெற்று, ஆண்டுதோறும் தணிக்கை செய்து, கணக்கைக் கேட்டவருக்குக் காட்டும் ஓர் உள்ளூர் அறக்கட்டளையைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் உங்கள் பெயரிலோ உங்கள் பெற்றோர் பெயரிலோ தனி நிதியாக இத்தொகையை வைக்க எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வட்டி 7 சதவீதம் என்று கொண்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் கிடைக்கும். நான்கைந்து பிள்ளைகளுக்குக் கல்லூரியில் சேரும் ஆண்டின் முதற்செலவை அது தாங்கும். ‘தண்டையார்பேட்டைப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும்’ என்று எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு படிப்பின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். தந்திப் பயிற்சிக்கென்று ஒருவர் அன்று எழுதி வைத்திருந்தால், 2013-இல் தந்திச் சேவையே நின்றபோது அந்த நிதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் தீ விபத்து, சாவு, வெள்ளம் என்றால் ஒரே நாளில் பணம் சேர்ந்துவிடுகிறது. மாதந்தோறும் கொடுங்கள் என்றால் யாரும் முன்வருவதில்லை. மற்ற ஊர்களில் மக்களை எப்படித்தான் கொடுக்க வைக்கிறார்கள்?
– மளிகை வணிகர், ராயபுரம்

நம் மக்களுக்குக் கொடுக்க மனமில்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தார்கள். 1782-இல், போரும் பஞ்சமும் வாட்டிய நாளில், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. ராயபுரத்தில் நீங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் என்ற கொடையாளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் கொடுத்தது ஒரு வாரத்தில் கரைந்துபோகாமல் தங்குவதற்கு ஓர் இடமும், அதைக் கேட்பதற்கு ஒரு முறையும் நமக்கு வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, அரிசியும் போர்வையும் உணவுப் பொட்டலமும் முதல் நாட்களில் வந்து குவிந்தன. எண்ணெய் படிந்த வலையை மாற்றுவதும், படகைச் சீராக்குவதும், மீன் வாங்க அஞ்சியவர்கள் திரும்பி வரும்வரை குடும்பம் நடத்துவதும் பொட்டலத்தால் தீர்கிற காரியங்கள் அல்ல. அந்த இடைக்காலத்துக்குத்தான் ஊருக்கென ஒரு நிலையான நிதி வேண்டும் என்கிறேன்.

கேட்கும் முறை பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன். கிளீவ்லாந்து அறக்கட்டளை பெரும்பணம் சேரும் முன்பே, 1915-இலிருந்து, நகரத்தின் பள்ளிகளை ஆராய்ந்து, எங்கே என்ன குறை என்பதை நூல் நூலாக வெளியிட்டது. தன் ஊரின் நிலையைத் துல்லியமாகக் காட்டினால் மக்களுக்குக் கொடுக்கும் காரணம் தானே கிடைக்கிறது. ‘ஏழை மாணவர்களுக்கு உதவுங்கள்’ என்று நோட்டீசு அடிப்பதைவிட, ‘நம் வார்டில் பத்தாம் வகுப்புத் தேறி, பதினொன்றில் சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகள் இத்தனை பேர், அவர்களுள் இத்தனை பேர் வீட்டுக் கடனுக்காக வேலைக்குப் போனவர்கள்’ என்று வீடு வீடாகக் கேட்டறிந்து சொல்வது கடினமான வேலைதான். ஆனால் அதைச் செய்த குழுவை நம்பித்தான் மக்கள் பணத்தை எடுப்பார்கள்.

இன்னொரு முறை, ஈட்டுக்கு ஈடு தருவது. வசதியுள்ள ஒருவர், ‘நீங்கள் ஒரு லட்சம் சேர்த்தால் நானும் ஒரு லட்சம் தருகிறேன்’ என்று முன்வந்தால், நூறு ரூபாய் கொடுப்பவருக்கும் தம் பணம் இருமடங்காகிறது என்ற உற்சாகம் பிறக்கிறது. மக்கள் ஒரு பங்கு தந்தால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டத்தைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

நீங்கள் வணிகர் என்பதால் மகிமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மாவட்ட நாடார் வணிகர்கள் விற்ற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அந்த மகிமைப் பணத்தில் பள்ளிகளை எழுப்பினார்கள். பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வைத்த பிடியரிசியும் அதில் சேர்ந்தது. கொடையை அன்றாட வேலையோடு முடிச்சுப் போட்டதால்தான் அது தவறாமல் வந்தது. உங்கள் கடைத்தெருவில் இருபது கடைக்காரர்கள் கல்லாவை மூடும்போது பத்து ரூபாயைத் தனி உண்டியலில் போடட்டும். மாதத்தில் 25 நாள் கடை நடந்தாலும் ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கு. நான் சிறுவனாக இருந்தபோது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருத் தையற்காரர் ஒருவர், ஜூன் மாத நோட்டுப் புத்தகச் செலவுக்காகத் தெருப்பணத்தைத் திரட்டி வைத்திருப்பார். நீளமான கணக்கு நோட்டு ஒன்றைத் துளையிட்டுச் சணல் கயிற்றில் கோத்து, கடை வாசல் ஆணியில் தொங்கவிட்டிருப்பார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் புரட்டலாம். முதலில் தம் பெயரைத்தான் தேடுவார்கள். பிறகு விரல் வலப்பக்கம் நகரும். ‘ரூல்டு நோட்டு 4 டஜன்’, ‘ஜியோமெட்ரி பாக்ஸ் 6’, ‘பாக்கி கையிருப்பு’ என்று அவருடைய கோணல் எழுத்தில் இருக்கும். ஒருமுறை ஒரு ரசீதைத் தொலைத்துவிட்டு, அதையும் சிவப்பு மையில் எழுதி, தம் கைப்பணத்தைப் போட்டு ஈடு செய்ததாகக் குறித்திருந்தார். அந்த நோட்டில் புதிய பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடியதை நான் கண்ணால் பார்த்தேன். இன்று ஆணிக்குப் பதில் வாட்ஸ்அப் குழு இருக்கலாம். ஆனால் மாதம் தவறாமல், கேட்கும் முன்பே, வரவும் செலவும் மிச்சமும் தவறும் அதில் வரவேண்டும்.

மாதம் நூறு ரூபாய்தான் என்னால் தர முடியும். இதற்கெல்லாம் கொடையாளி என்று பெயரா?
– உணவு விநியோக ஊழியர், கொருக்குப்பேட்டை

நிச்சயமாக, தம்பி. உங்கள் நூறு ரூபாய்க்கு ஒரு குரலும் உண்டு என்று கேட்டுப் பெறுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல சமுதாய அறக்கட்டளைகள் நிதியின் ஒரு பகுதியை இளைஞர் குழுவிடமே விட்டு, யாருக்குத் தருவது என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்கின்றன. எந்தச் சந்தில் எந்தக் கேரம் பலகையின் தளம் தேய்ந்துவிட்டது, எந்தக் குத்துச்சண்டைப் பிள்ளைக்குக் கையுறை இல்லை என்பது, அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர் அல்லவா?

குவைத்தில் வேலை செய்கிறேன். எண்ணூரில் என் குப்பத்துப் பிள்ளைகளுக்காக நண்பர்கள் பணம் சேர்த்து அனுப்ப நினைக்கிறோம். வெளிநாட்டுப் பணம் என்று சிக்கல் வருமா?
– எண்ணூரைச் சேர்ந்தவர், குவைத்

நீங்கள் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், சட்டத்தின்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை அறக்கட்டளையிடம் கொடுத்து வையுங்கள். ஆனால் உங்கள் நண்பர்களுள் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இருந்தால், அவர் தமிழரேயானாலும், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற அறக்கட்டளைக்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். மேலும், 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வந்த பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. சிறிய குழுக்களுக்குப் பணத்தைப் பிரித்து வழங்குவதையே தொழிலாகக் கொண்ட சமுதாய அறக்கட்டளைக்கு இது பெரிய தடை. ஆகவே இருவகைப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்க வேண்டாம். ஒருவர் பெயரில் எல்லாருடைய பணத்தையும் திரட்டி அனுப்புவதையும் தவிர்த்து, ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்தே அனுப்புங்கள்.

நன்கொடைக்கு வருமான வரியில் எவ்வளவு கழிவு கிடைக்கும்?
– வங்கி ஊழியர், வியாசர்பாடி

80ஜி என்று நாம் அறிந்த கழிவு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. புதிய முறையைப் பின்பற்றினால் கிடையாது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தந்த தொகையில் பாதிக்கு, வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்புக்குள், கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதற்குக் கழிவு இல்லை. ரசீதோடு நிற்காமல், அறக்கட்டளை வருமான வரித்துறை வழியாக வழங்கும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

எங்களைச் சுற்றிப் பெரிய பெரிய ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை வைத்தே ஊருக்கு ஒரு நிரந்தர நிதியை அமைத்துவிட முடியாதா?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், மணலி

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. உங்கள் காற்றையும் நீரையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளும் ஆலைகளிடம் அந்தச் சட்ட வாசகத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

ஆனால் நீங்கள் எண்ணுவது போல இப்பணத்தை மூலநிதியாக வைப்பில் போட முடியாது; 2021-இல் வந்த திருத்தம் அதை அனுமதிப்பதில்லை. குறிப்பிட்ட பணிக்காக வாங்கி, அந்தப் பணிக்கே செலவிட வேண்டும். ஆகவே இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவ முகாம், பள்ளிக் கழிப்பறை, நூலகம் ஆகியவற்றுக்கு நிறுவனத்தை அணுகுங்கள். மூலநிதியை ஊர்மக்களே திரட்டுங்கள்: 25 குடும்பங்கள் மாதம் 1,000 ரூபாய் தந்தால் ஐந்து ஆண்டில் 15 லட்சம் சேரும், 7 சதவீத வட்டியில் அது ஆண்டுக்கு 1,05,000 ரூபாய் தரும்.

நிறுவனத்திடம் போகுமுன் உங்கள் அமைப்பை நிறுவன விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் வழியே பதிவு செய்யுங்கள். தணிக்கை செய்த கணக்குகளை இணையுங்கள். நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அடுத்த ஆண்டுத் திட்டம் முடிவாகும் முன்பே, ஜனவரியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.