போரைப் பேசாத ஊடக வகுப்பு

கேள்வி: இலங்கையில் பல்கலைக்கழகங்களில் ஊடகக் கற்கை நடத்தும் விரிவுரையாளர்கள், சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்திருக்கும் வகுப்பில் போர் பற்றிய செய்திகளைத் தொடாமல் விடுவது நல்லதல்லவா? தொட்டே ஆக வேண்டுமென்றால், இரு தரப்பு கூற்றையும் சரிபாதியாகச் சொல்லிவிட்டால் போதாதா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: தொடாமல் விட இடமில்லை, அம்மா. 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டு, மாணவர் போராட்டத்துக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டபோது, அந்த வளாகமே செய்தியாகிவிட்டது.

தாங்கள் சொல்லும் கலப்பு வகுப்பு அமைவதே எளிதன்று. பள்ளியிலிருந்தே சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்று பிரிந்து படித்து வருவதால், ஒருவர் வீட்டுக்கு வரும் பத்திரிகையை மற்றவர் பெரும்பாலும் வாசித்திருக்கமாட்டார். ஆகவே முதற்பாடம் வாசிப்புதான். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த லேக் ஹவுஸ் என்ற பத்திரிகை நிறுவனம், சிங்களத்தில் 'தினமின', தமிழில் 'தினகரன்', ஆங்கிலத்தில் 'டெய்லி நியூஸ்' என மூன்று நாளிதழ்களை வெளியிடுகிறது. மே 18இல் முள்ளிவாய்க்காலில் நினைவேந்தல், மே 19இல் தெற்கில் படைவீரர் நாள். அந்த நாள்களையொட்டிய இதழ்களை ஒருங்கே மேசையில் விரித்து, எந்தச் செய்தி முதற்பக்கத்தில் நிற்கிறது, இறந்தவர் எந்தச் சொல்லால் குறிக்கப்படுகிறார் என்று மாணவரையே பார்க்கச் சொல்லலாம். உரிமையாளர் ஒருவரே என்பதால், 'முதலாளி சொன்னபடி எழுதினார்கள்' என்ற வழக்கமான விடை இங்கே செல்லாது. எந்த வாசகரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று மாணவர் யோசித்தே ஆக வேண்டும். விரிவுரையாளருக்கு மற்ற மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்வதில் வெட்கமில்லை.

சரிபாதி யோசனையை நான் ஏற்கவில்லை. போரின்போது பொதுமக்கள் இழப்பே நேரக்கூடாது என்ற கொள்கையைக் கடைப்பிடித்ததாக அரசு கூறியது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011இல் தெரிவித்தது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி நிறுத்திக்கொள்பவர் தம் வேலையைச் செய்யவில்லை. எண்ணியவர் யார், எதைக் கொண்டு எண்ணினார், சுயாதீனச் செய்தியாளர்கள் போர்முனைக்குள் விடப்படாத நிலையில் சாட்சியம் எவ்வழியாக வெளியே வந்தது என்பவற்றைத் தேட வேண்டும். வன்னியிலிருந்து வந்த மாணவரும், போரில் தமையனை இழந்த, தெற்கே காலி நகரத்து மாணவரும் தம் துயரத்தை வகுப்பில் விளக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆனால் இந்தக் கேள்விகளுக்கான விடையை இருவரும் ஒரே ஒப்படையாக எழுதித் தர வேண்டும், மதிப்பெண்ணும் ஒரே அளவுகோலில்தான்.