ஜங்ஷனில் தூக்கிலிட்டால் கொலை குறையுமா? எல்லைப் பகுதி வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாறசாலை இளைஞரைக் கஷாயத்தில் விஷம் கலந்து கொன்ற வழக்கில் நெய்யாற்றின்கரை செஷன்ஸ் கோர்ட் 2025 ஜனவரி 20-ல் தூக்குத்தண்டனை விதித்தது. அதையொட்டிக் குவிந்த கேள்விகளுக்குக் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

களியக்காவிளை: அண்ணாச்சி, இந்த மாதிரி ஆளுகள ஜங்ஷன்ல வச்சு எல்லாரும் பார்க்கத் தூக்குல போட்டாத்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும். சட்டம் ஏன் விடமாட்டேங்குது?

ஒரு தடவை அப்படி உத்தரவே போட்டார்கள். வரதட்சணைக் கொலை வழக்கொன்றில், விளம்பரம் செய்து ஜெய்ப்பூரில் பொது மைதானத்தில் தூக்கிலிடச் சொன்னது ராஜஸ்தான் உயர் நீதிமன்றம். 1985 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. குற்றம் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும், பொது இடத்தில் தூக்கிலிடுவது, உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்றது.

செஷன்ஸ் கோர்ட் தீர்ப்போடு எதுவும் முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தூக்கு நிறைவேறாது. அதன்பிறகு உச்ச நீதிமன்றம், கருணை மனு. மனு தள்ளுபடியானதைக் கைதிக்குத் தெரிவித்த பிறகும் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது 2014 தீர்ப்பு. கேரளத்தில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1991-ல், கண்ணூர் சிறையில்.

செங்கோட்டை: அந்தக் காலத்துல கழுமரம், தூக்குமரம் எல்லாம் ஊர் நடுவுலதானே இருந்துச்சு? பயம் இருந்துச்சே சார்?

உங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் கயத்தாறு இருக்கிறது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனை அங்கே தூக்கிலிட்டபோது மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி வைத்துத்தான் செய்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்தது. பதினாறு மாதம்கூட அந்தப் பயம் தாங்கவில்லை.

அது மண்ணுக்கான போர், களவும் கொலையும் வேறு என்பீர்கள். சரிதான். அப்படியானால் லண்டனைப் பாருங்கள். 18-ம் நூற்றாண்டு முடியும்போது அங்கே 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. பிக்பாக்கெட்டுக்கே 1808 வரை தூக்குதான். ஆனால் தூக்கைப் பார்க்கத் திரண்ட கூட்டத்திலேயே பாக்கெட் அடித்தார்கள். வீட்டில் புகுந்து 40 ஷில்லிங் திருடினால் மரணம் என்று சட்டம் இருந்ததால், ஜூரிகள் மனம் கேட்காமல் திருட்டுப் பொருளின் மதிப்பை 39 ஷில்லிங் என்று எழுதினார்கள். எனக்கு இதுதான் முக்கியமான பாடமாகப் படுகிறது. தண்டனை ஏற ஏற, அதைக் கொடுக்க வேண்டியவர்களின் கை நடுங்கும், குற்றவாளி நழுவுவான். பொதுவெளித் தூக்கை இங்கிலாந்து 1868-ல் விட்டுவிட்டது.

மார்த்தாண்டம்: திருவிதாங்கூர்ல தூக்கே கிடையாதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. நெசமா?

நிஜம். 1944-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் நீக்கினார். இந்தியச் சட்டம் வந்ததும் தூக்கும் திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945–50-ல் 962 கொலைகள். இருந்த 1950–55-ல் 967. இவை வெறும் எண்ணிக்கைதான், மக்கள்தொகையால் வகுத்த விகிதம் அல்ல. அதனால் ‘தூக்கை எடுத்ததால் குறைந்தது’ என்று இதை வைத்து வாதாடக் கூடாது. எடுத்தபோது கொலை பெருகி ஓடவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஒரு தூக்கு ஏறத்தாழ எட்டுக் கொலைகளைத் தடுக்கும் என்று 1975-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எர்லிக் கணக்குப் போட்டார். கணக்கில் எடுக்கும் ஆண்டுகளைக் கொஞ்சம் மாற்றினாலே முடிவு கரைந்துவிடுகிறது என்று மற்றவர்கள் காட்டினார்கள். 2012-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு இத்தகைய ஆய்வுகளையெல்லாம் அலசி, கொள்கை முடிவுக்கு இவற்றை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்றது.

நகரி: எங்க பக்கம் செம்மரம் வெட்டப் போனவங்கள சுட்டே தள்ளினாங்களே. அதுக்கப்புறமாவது நின்னுச்சா?

நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் கைது நடக்கிறது. செத்தவர்கள் கூலிக்கு மரம் வெட்டியவர்கள். வாங்கி விற்கிற பெரும்புள்ளி காட்டுக்குள் கால் வைப்பதே இல்லை, துப்பாக்கி அவனைப் பார்ப்பதும் இல்லை.

நாகர்கோவில்: பச்சப்புள்ளைகள நாசம் பண்றவனுக்காவது தூக்கு வேண்டாமா சார்?

உங்கள் கோபம் நியாயம், அக்கா. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 6-வது பிரிவில் 2019 முதல் மரண தண்டனை உண்டு. ஆனால் இந்த வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவன். மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரனோ. ‘தூக்கு’ என்றதும் வீட்டுக்காரர்களே புகாரை அமுக்கிவிடுகிறார்கள். கொன்றாலும் கொல்லாவிட்டாலும் ஒரே தண்டனை என்று நினைப்பவன் சாட்சியை விட்டுவைக்கவும் மாட்டான்.

குற்றவாளியை மாட்டுவது நீங்கள் முதல் நாள் செய்கிற வேலைதான். பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். ஈரமாக இருந்தால் நிழலில் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டு டி.என்.ஏ. கெட்டுப்போகும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது. ‘என்ன நடந்தது’ என்று ஆளாளுக்குப் பிள்ளையைக் கேட்காதீர்கள். சொல்லும் விதம் தடவைக்குத் தடவை மாறும், குறுக்கு விசாரணையில் அந்த மாற்றத்தைத்தான் பிடிப்பார்கள்.

பாறசாலை: விஷம் கொடுத்தது தமிழ்நாட்டுல, செத்தது கேரளத்துல. எந்த ஸ்டேஷனுக்குப் போகணும் சாரே?

இரண்டும் சரி. செயல் நடந்த இடத்திலும் விளைவு நேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 199-வது பிரிவு. எல்லை எங்களுடையது இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னால் அதே சட்டத்தின் 173-வது பிரிவைச் சொல்லி ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதிகிற எஃப்.ஐ.ஆர்.) கேளுங்கள்.

காலதாமதம்தான் இங்கே எமன். பாராகுவாட் போன்ற களைக்கொல்லி ரத்தத்தில் மளமளவென்று குறைந்துவிடும். சந்தேகம் வந்த அன்றே ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சீல் வைக்கச் சொல்லி டாக்டரிடம் எழுத்தில் கொடுங்கள். விஷம் உண்டவர் பேச முடிகிற நிலையில் இருக்கும்போதே மாஜிஸ்திரேட்டை வரவழைத்து வாக்குமூலம் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல் போனையே ஒப்படையுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு மின்னணு நகலுக்குக் கேட்கிற சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த நகலைக் கோர்ட் ஏற்காது.