யூஎஸ்பி பிரிண்டரை ஆபீஸில் எல்லோரும் பயன்படுத்த முடியுமா?

சிராங்கூன் ரோட்டில் நான்கு பேர் இருக்கும் ஆபீஸ், ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் யூஎஸ்பி பிரிண்டர், மற்ற மூவரும் எப்படி பிரிண்ட் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சுலபம்தான். பிரிண்டர் செருகியிருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஷேரிங் பகுதியில் டிக் போட்டு, இடைவெளி இல்லாத சின்னப் பெயராக வையுங்கள். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அப்புறம் மற்ற கம்ப்யூட்டர்களின் ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையோடு R அழுத்தினால் வரும்) இரண்டு பின்சாய்வுக்கோடு (\\) போட்டு, முதல் கம்ப்யூட்டரின் பெயரை அடித்தால் பிரிண்டர் தெரியும். இரட்டைக் கிளிக் செய்யுங்கள்.

ஆனால் அந்த முதல் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் அக்கா மக்கான் (சாப்பிட) போகும்போது லேப்டாப்பை மூடிவிடுவார். திரும்பி வந்து திறந்ததும் ஏழெட்டு இன்வாய்ஸ் கடகடவென்று வந்து விழும். ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள்.