வேதக் கேள்வி-பதில்: 11 நாளா, 38 வருஷமா?

கேள்வி: 11 நாளில் போய்ச்சேர வேண்டிய கானானுக்கு இஸ்ரவேலர் 40 வருஷம் அலைந்தார்கள் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். அப்படி அலையவிட்டவரை உண்மையுள்ள தேவன் என்று எப்படிச் சொல்வது?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: முதலில் அந்த 11 நாள் கணக்கைச் சரிபார்ப்போம். உபாகமம் 1:2 சொல்வது ஓரேபிலிருந்து (சீனாய் மலைக்கு இன்னொரு பெயர்) சேயீர் மலை வழியாகக் கானானின் தெற்கு எல்லையிலுள்ள காதேஸ்பர்னேயா வரைக்குமான பயணம் மட்டுமே. எகிப்திலிருந்து கானான் வரைக்கும் என்று பலர் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சீனாய் மலையடிவாரத்திலேயே சுமார் 11 மாதம் தங்கினார்கள். நியாயப்பிரமாணம், ஆசரிப்புக்கூடாரம் (ஆராதனைக் கூடாரம்), ஜனத்தொகை எண்ணியது எல்லாம் அங்கேதான். அந்த மாதங்களை வீண் என்று சொல்லவே முடியாது.

தாமதம் தொடங்கியது அந்தக் காதேசில். கானானை வேவு பார்த்த 12 பேரில் 10 பேருடைய பேச்சைக் கேட்டு ஜனங்கள் மிரண்டார்கள், எகிப்துக்கே திரும்பலாம் என்றார்கள். எண்ணப்பட்டவர்களில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், காலேபும் யோசுவாவும் தவிர, உள்ளே போகமாட்டார்கள் என்று தீர்ப்பானது. காதேசை விட்டு சேரேத் ஆற்றைக் கடக்க 38 வருஷம் (உபா. 2:14).

ஆனால் தீர்ப்பு வந்ததும் ரேஷன் கார்டு ரத்தாகவில்லை! முரண்டு பிடித்தவர்கள் கூடாரத்தைச் சுற்றியும் மன்னா, அதாவது வனாந்தரத்தில் தேவன் கொடுத்த அன்றாட உணவு, விழுந்தது. உடுத்தின துணி பழசாகவில்லை, கால் வீங்கவில்லை. கன்றுக்குட்டிச் சிலையை வார்ப்பித்தபோதுகூட வழிகாட்டிய மேகஸ்தம்பம் விலகவில்லை என்கிறது நெகேமியா 9. எதிரிகளுக்குக் கொள்ளையாகிவிடுவார்கள் என்று பெற்றோர் பயந்தார்களே, அந்தப் பிள்ளைகள்தான் கானானுக்குள் போனார்கள். தண்டனையும் தள்ளுபடியாகவில்லை, கானானைத் தருவதாக ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கும் தள்ளுபடியாகவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த 38 வருஷம் புரியும்.

கேள்வி: மன்னா பாடத்தைச் சிறுவர்களுக்குக் கண்ணால் பார்க்கும்படி நடத்த ஆசை. மன்னாவை அளந்த ஓமர் என்பது எவ்வளவு?
- ஞாயிறு பள்ளி ஆசிரியை, சயான் கோலிவாடா

பதில்: எப்பா என்ற பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 2 லிட்டர். ஆளுக்கு ஒரு ஓமர் என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்குத் தினம் 10 லிட்டர். 2 லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு ஜவ்வரிசியால் நிரப்பிக் காட்டுங்கள். ஒன்றரைக் கிலோ வாக்கில் பிடிக்கும். அளவில் கொத்துமல்லி விதை, நிறத்தில் முத்து என்று எண்ணாகமம் 11 சொல்வதற்குத் தனியாவைவிட இதுதான் பொருந்தும். வானத்திலிருந்து ரொட்டித் துண்டுகள் விழுவதுபோல் படம் வரையாதீர்கள். அதை ஏந்திரத்தில் அரைத்தோ உரலில் இடித்தோ சமைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

'அதிகம் பொறுக்கியவருக்குப் பரிசு' என்ற விளையாட்டும் வேண்டாம், பாடத்தையே கவிழ்த்துவிடும். அளந்து பார்த்தபோது மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை.

மறுநாளைக்கு வைத்தது பூச்சி பிடித்து நாறியது என்றதோடு நிறுத்தினாலும் மாட்டிக்கொள்வீர்கள். ஆறாம் நாளில் எடுத்த இரண்டு ஓமர் ஓய்வுநாளிலும் கெடவில்லையே, அது எப்படி என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும். வாரம் முழுக்கக் கெட்டுப்போகும் பொருள் அந்த ஒரு இரவு மட்டும் கெடாமல் இருந்ததுதான் யாத்திராகமம் 16-ன் நடுப்புள்ளி. நேரம் குறைவென்றால் அதை மட்டும் நடத்துங்கள்.

கேள்வி: மன்னா நின்றது எப்போது?
- வாசகி, மாட்டுங்கா

பதில்: யோசுவா 5-ஐப் பாருங்கள். முதலாம் மாதம் 14-ம் தேதி, கானானுக்குள் நுழைந்து தங்கிய கில்காலில் பஸ்கா பண்டிகை. மறுநாள் தேசத்தின் தானியத்தில் புளிப்பில்லாத அப்பமும் சுட்ட கதிரும். அதற்கு மறுநாள் மன்னா இல்லை. எகிப்தைவிட்டு வந்த முதல் வருஷம் இரண்டாம் மாத நடுவில் மன்னா தொடங்கியது, ஆக 40 வருஷத்துக்கு ஒரே ஒரு மாதம் குறைவு.