ஜப்பானியக் கார்பன் எஃகுக் கத்தி ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

ஜப்பானின் சகாய் போன்ற ஊர்களில் கொல்லர்கள் அடித்துச் செய்யும் கத்திகள் பலவும் கார்பன் எஃகுதான்: இரும்போடு ஏறக்குறைய 1 சதவீதம் கார்பன். அந்தக் கடினமும் கூர்மையும் அதனால்தான். ஆனால் துருவைத் தடுக்கும் குரோமியம் இதில் இல்லை என்றே சொல்லலாம். எவர்சில்வரில் அது 10.5 சதவீதத்துக்குக் குறையாது.

வீட்டு இரும்புத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் நிறம். துடைத்து எண்ணெய் தடவினால் தலைமுறை தாண்டும். இதுவும் அப்படித்தான். வெங்காயமோ எலுமிச்சையோ நறுக்கியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். சில நாள் எடுக்கப்போவதில்லையா, ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கள். அப்புறம், எலும்பை வெட்டாதீர்கள், விளிம்பு தெறித்துவிடும்.

போகப்போக அலகில் படரும் நீலச் சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பயந்து பலர் தேய்த்து எடுக்கிறார்கள். அது செந்துரு அல்ல, செந்துரு எளிதில் பிடிக்காமல் காக்கும் படலம்.