பெரிய திரை டி.வி. இந்தத் தீபாவளிக்கு வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில், அக்டோபர் 2008

கேள்வி: சீட்டுப் பணம் 70,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. தீபாவளிக்கு 42 அங்குல ‘எச்.டி. ரெடி’ (உயர் தெளிவுப் படத்தை ஏற்றுக் காட்டக்கூடிய) எல்.சி.டி. டி.வி. வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். கடையில் பார்த்தபோது படம் கண்ணைப் பறித்தது. வீட்டில் இருப்பது கேபிள் இணைப்பு. பழைய 21 அங்குல டி.வி.யில் எழுத்து தெரியவில்லை என்று மாமியார் குறைப்படுகிறார். வாங்கலாமா, பொறுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பொறுங்கள், சகோதரி.

கடையில் நீங்கள் பார்த்தது கேபிள் படம் அல்ல. ப்ளூ-ரே வட்டிலிருந்தோ, டி.வி. கம்பெனி கொடுத்த விளம்பரப் பதிவிலிருந்தோ ஓடும் படம் அது; மேலிருந்து கீழாக 1,080 கிடைக்கோட்டு வரிகள் கொண்டது. வரிகள் கூடக் கூடத் தெளிவும் கூடும். உங்கள் வீட்டுக்கு வரும் கேபிள் படத்தில் 576 வரிகள்தான். அதுவும் தெருத்தெருவாகப் பிரிந்து வருவதற்குள் தெளிவை இழந்துவிடுகிறது. 21 அங்குலத்தில் கண்ணுக்குத் தப்பிய குறையெல்லாம் 42 அங்குலத்தில் பளிச்சென்று தெரியும். செய்தி வாசிப்பவரின் முகத்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் புள்ளிகள் ஆடும்.

இன்னொன்று. நம் தமிழ்ச் சேனல்கள் இன்னும் 4:3 அளவில்தான் (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) ஒளிபரப்புகின்றன. அகலத் திரையில் அதை அப்படியே வைத்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, நடுவில் சுமார் 34 அங்குலப் படம்தான் கிடைக்கும். பட்டை வேண்டாமென்று ரிமோட்டில் இழுத்துவிட்டால் எல்லார் முகமும் உப்பிப்போகும். பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது. எனக்குப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

‘எச்.டி. ரெடி’ டி.வி.களில் பெரும்பாலும் இருப்பது 768 வரித் திரை. முழு எச்.டி. படம் முழுத் தெளிவோடு தெரிய 1,080 வரிகள் வேண்டும். நம் நாட்டில் எச்.டி. சேனல் ஒன்றுகூட இன்னும் வரவில்லை. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடக்கவிருக்கின்றன. அதையொட்டி வரும் என்று எதிர்பார்க்கிறேன். விலை இறங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் இதே பணத்துக்கு முழு எச்.டி. டி.வி.யே கிடைத்துவிடும்.

ஆனால் மாமியாரை அதுவரை காக்கவைக்க வேண்டாம். முன்பக்கம் தட்டையாக இருக்கும் 29 அங்குல பிக்சர் டியூப் டி.வி. (முதுகு பருத்த பழைய வகைதான்) வாங்குங்கள். உங்கள் கையிலிருக்கும் பணத்தில் கால் பங்கு போதும். கேபிள் படத்துக்கு இன்றைக்கு அதைவிடப் பொருத்தமான திரை இல்லை என்பேன். டி.வி. வந்த அன்றே கேபிள்காரரை அழைத்து, இணைப்பு முனையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால், அந்த நுனியை நறுக்கிவிட்டுப் புது முனை மாட்டச் சொல்லுங்கள். படத்தில் புள்ளி கணிசமாகக் குறையும். மாமியாரின் நாற்காலியையும் இரண்டடி முன்னால் நகர்த்திப் போடுங்கள்.

கணவர் 42 அங்குலம்தான் என்று பிடிவாதமாக இருந்தால், அவரோடு கடைக்குப் போய், அதே டி.வி.யில் உள்ளூர் கேபிளை இணைத்துச் செய்திச் சேனலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரும் தூரத்தில் நின்று இருவரும் பாருங்கள். கேபிளில் காட்டக் கடைக்காரர் மறுத்தால், அங்கே வாங்காதீர்கள்.